மாதாவைத் தாண்டிப் போன சாலை

தாங்கலின் வாசனை காற்றைப் பொறுத்தது. காற்று ஆலைப் பக்கமிருந்து வீசினால் மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி, கடல் பக்கமிருந்து வந்தால் உப்பும் கருவாடும். இரண்டும் ஓய்ந்து இலைகூட அசையாத விடியற்காலைகளில் மட்டும்தான் அந்தத் தண்ணீர் தன் சொந்த வாசனையை வெளியே விடும். பாசியும் ஊறிய கோரைப்புல்லும் என் அம்மாவின் சலவை சோப்பும் கலந்த அந்த வாசனையை, துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, பல் துலக்க மறந்து நான் இழுத்து இழுத்து முகர்ந்திருக்கிறேன்.

மணலியிலிருந்து சடையங்குப்பம் பக்கமாகச் சரியும் தாழ்ந்த நிலத்தில், எங்கள் தெரு முடிகிற இடத்தில் அந்த ஏரி தொடங்கியது. அரசாங்கத் தாள்களில் அதற்கு ஒரு முழுப்பெயர் இருந்திருக்கலாம். எங்களுக்கு அது வெறும் ‘தாங்கல்’. ராயபுரத்தில் வாடகை கொடுத்துக் களைத்துப்போன என் பெற்றோர், தண்ணீர் வரும் என்று தெரிந்தேதான் அங்கே இடம் வாங்கிக் குடி வந்தார்கள். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிய என் அப்பா, அதாவது என் ‘நைனா’, திருவொற்றியூர் வரை சைக்கிளில் போய் அங்கிருந்து ரயில் பிடிப்பார். மழைக்காலத்தில் தெருவுக்குள் தண்ணீர் வரும், கணுக்காலைத் தொடும், ஓரிரு நாளில் தாங்கலுக்குள் இறங்கிவிடும். “வர்ற விருந்தாளி போவத் தெரிஞ்சவனா இருந்தா வரட்டுமே, இன்னா இப்போ?” என்பார் நைனா. தாங்கல் இருக்கிற வரைக்கும் அந்த விருந்தாளிக்குப் போக ஒரு வழி இருந்தது.

இன்று மழைநீர் வடிகால்களை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. எங்கே விழுகிற மழை எந்த வழியாக ஓடி எங்கே தேங்கும் என்று பார்த்துப் பார்த்து, எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு நினைவுக்கே வருவதில்லை என்று ஆகிவிட்டது. ஆகவே தாங்கலில் அப்போது இருந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கரையில் அம்மாவின் துவைக்கும் கல். அதையடுத்துக் கோரைப்புதர், அதற்குள் சத்தம் மட்டும் கேட்கும் நாமக்கோழிகள். தண்ணீருக்குள் ஜிலேபி மீன்கள், அவற்றைப் பிடிக்க வரும் கூழைக்கடாக்கள். நடுவில் ஒரு மண் திட்டு, அதன் மேல் மாதா கெபி. எங்களுக்கு முன்பே குடிவந்தவர்கள் கல்லைத் தலையில் சுமந்து கட்டிய அந்தக் குகைக்குள், நீல அங்கியின் ஓரம் சற்றே உதிர்ந்த மாதா, எங்கள் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அதற்கும் அப்பால் நீர், நீர், பிறகு பச்சையாக ஒரு கோடு; அதுதான் அக்கரை. அக்கரையில்தான் மிச்சத் தண்ணீர் வழிந்து கால்வாய்க்குப் போகும் கலங்கல் இருந்தது. இதை அன்று நான் கவனித்திருந்தேனா என்று கேட்டால், இல்லை. கலங்கலை யாருமே கவனிக்கவில்லை. மாதாவைத்தான் எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரில் அவளுடைய திருவிழா. தெருக்கோடியில் இருக்கும் சின்னக் கோயிலிலிருந்து ஜோடனை செய்த சப்பரத்தை எடுத்துப்போய், கெபியிலிருந்து அவளை அதில் ஏற்றி, தெருவெல்லாம் சுற்றி, மறுபடி கெபியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். திட்டுக்கு வழி கிடையாது. சில வருடம் முழங்கால் அளவு, சில வருடம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். தூக்குபவர்களுக்கு நைனாதான் தலைவர். முன்பக்க வலது தண்டு அவருடையது, அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெண்கள் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, மெழுகுவர்த்தியைப் பிளாஸ்டிக் தம்ளருக்குள் ஏற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார்கள். அந்திவெயில் தண்ணீரில் படுகிற நேரம் பார்த்து சப்பரம் இறங்கும். ஜெபமாலை சொல்லும் குரல்களுக்கு நடுவே, “டேய், கல்லு கீது பாத்து”, “பள்ளம் டா மாமு, சைடு வாங்கு” என்கிற குரல்களும் கேட்கும். மாதாவுக்கு இரண்டும் பழக்கம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, குணசீலன் என்ற சூப்பர்வைசர் எங்கள் தெருவுக்கு வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சேறு படாத ஷூ. அக்கரைக்கு அப்பால் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் ஒரு பெரிய முதலாளியிடம் வேலை பார்ப்பதாகவும், அந்த முதலாளி மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்திருப்பதாகவும், மாதா இப்படிச் சேற்றுத் தண்ணீரில் போவதைக் கேள்விப்பட்டு அவர் கண் கலங்கிவிட்டதாகவும் சொன்னார். ஒரு பைசா வேண்டாம், முதலாளியே கெபி வரைக்கும் மேடாக மண் ரோடு போட்டுத் தருகிறார், அடுத்த திருவிழா என்ன, இந்தத் திருவிழாவுக்கே மாதா சக்கரம் வைத்த தேரில் சீரியல் லைட்டோடு போகலாம் என்றார். தெருவே அழுதுவிட்டது. நைனா அழுததை அன்றுதான் நான் முதன்முதலில் பார்த்தேன்.

அழாதவர் என் அம்மா ஒருவர்தான். என் அம்மாவைத் தெருவில் ‘சிஐடி’ என்று கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. கரண்டு மீட்டர் பார்க்க வருபவரிடம் அடையாள அட்டை கேட்பார். போலியோ சொட்டு மருந்து போட வந்த நர்ஸம்மாவிடம் முதலில் நீங்கள் ஒரு சொட்டு குடித்துக் காட்டுங்கள் என்று சொல்லி, அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே குடித்துக் காட்டிய பிறகுதான் என் தம்பியின் வாயைத் திறக்க விட்டார். இதில் பெரும்பாலும் அம்மாவின் சந்தேகம் பொய்த்துப் போகும். பொய்த்துப் போனதைப் பற்றி அவருக்கு வெட்கமும் இருந்ததில்லை. “சும்மா குடுக்கறான்னா, இன்னாத்துக்குக் குடுக்கறான்?” என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. அம்மாவின் தோழி டெய்சி அக்கா அதற்கு, “உனக்கு மோட்சத்துல எடம் குடுத்தாக்கூட, இங்க முன்னாடி யார் குடியிருந்தாங்கன்னு கேப்ப” என்று பதில் சொல்வார்.

ரோடு வேலை தொடங்கியது. லாரிகள் இடிந்த கட்டடக் கழிவையும் சாம்பலையும் செம்மண்ணையும் கொண்டுவந்து கொட்டின. எங்கள் தெரு முனையிலிருந்து புறப்பட்ட அந்தக் கரை தண்ணீருக்குள் நாக்கு மாதிரி நீண்டு, நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட நீண்டு, கடைசியில் திட்டைத் தொட்டது. தொட்டதும் நிற்கவில்லை. மாதாவை வலம் வந்து, அவள் முதுகுப் பக்கமாக, அக்கரையை நோக்கிப் போனது.

அம்மா துவைத்த துணியைப் பிழியாமல் அப்படியே கல்லில் போட்டுவிட்டு எழுந்து போய் குணசீலனை நிறுத்தினார். நான் பின்னால் ஓடினேன்.

“இன்னா சாரு, மாதா வரைக்கும் ரோடுன்னீங்க. மாதாவத் தாண்டிப் போவுதே, இன்னாத்துக்கு?”

“தேர் திரும்ப வேணாமாக்கா?” என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

“தேர் இன்னா கப்பலா சாரு, திரும்பறதுக்கு இவ்ளோ எடம் வேணும்?”

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்துவிட்டார்கள். குணசீலனும் சிரித்தார். சிரித்து முடித்ததும், “அக்கா நல்லா பேசறாங்கண்ணே” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, லாரிக்காரனுக்குக் கையைக் காட்டினார். நைனா அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவோடு பேசவில்லை. மாதாவுக்குச் செய்கிற காரியத்தில் கோணல் பார்ப்பது அவருக்குப் பாவமாகப் பட்டது.

அம்மா விடவில்லை. ஆனால் இங்கேதான், இத்தனை வருடம் கழித்து அந்தக் காட்சியை ஓட்டிப் பார்க்கும்போது, எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வருகின்றன. அம்மா சரியான ஆளைத்தான் சந்தேகப்பட்டார், தவறான பொருளுக்காக. குணசீலனின் முதலாளி மாதாவின் மேல் கண் வைத்திருக்கிறான், கெபியைத் தன் பெயருக்கு மாற்றி, பெரிய கோயில் கட்டி, போர்டு மாட்டி, எங்கள் மாதாவை எங்களிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறான் என்று அவர் முடிவு கட்டினார். அவளுடைய வெள்ளிக் கிரீடத்தை மாற்றிவிட்டுப் போலிக் கிரீடம் வைத்துவிடுவான் என்று டெய்சி அக்காவிடம் சொன்னார். அதில் டெய்சி அக்காவே பயந்துபோனார். பெண்கள் முறை வைத்துக்கொண்டு, பகலெல்லாம் கெபியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லியபடி மாதாவுக்குக் காவல் இருந்தார்கள். குணசீலன் அவர்களுக்கு வெயில் படாமல் பந்தல் போட்டுக் கொடுத்தார், எலுமிச்சம்பழச் சர்பத் அனுப்பினார். முதல் நாள் யாரும் குடிக்கவில்லை, பிறகு குடித்தார்கள். அவர்கள் பந்தலுக்குள் மாதாவின் கிரீடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் லாரி லாரியாக மண் விழுந்து, ஒரு நாள் மத்தியானம், அந்தக் கரை அக்கரையில் போய் முட்டிக்கொண்டது. தாங்கல் இரண்டானது. அதைப் பார்த்த சாட்சி என்று யாராவது இருந்தால், குளிர்ந்த சர்பத்துக்காக அங்கேயே திரிந்துகொண்டிருந்த நாங்கள் நாலைந்து பிள்ளைகள்தான். எங்களுக்கு அது சைக்கிள் விட நல்ல நீளமான ரோடாகத் தெரிந்தது.

அந்த வருடத் திருவிழா போல இன்னொன்றை எங்கள் தெரு கண்டதில்லை. சக்கரம் வைத்த தேர், ஜெனரேட்டர், சீரியல் விளக்கு, பேண்டு. கோயில் பாதிரியாரான சாமியார் ரோட்டின் தொடக்கத்தில் நின்று தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அதற்கு அன்றே ‘மாதா ரோடு’ என்று பெயர் விழுந்தது. யார் காலும் நனையவில்லை. நைனா மட்டும் தேரில் தோள் கொடுக்க இடமில்லாமல், கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பக்கத்தில் நடந்து வந்தார்.

பிறகு ஐப்பசி மழை வந்தது. தெருவுக்குள் தண்ணீர் வந்தது, கணுக்காலைத் தொட்டது, போகவில்லை. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் போகவில்லை. அடுத்த மழையில் வீட்டுக்குள் ஏறியது. கட்டிலின் மேல் ஸ்டவ்வை வைத்து அம்மா கஞ்சி காய்ச்சினார், நானும் தம்பியும் பீரோவின் மேல் பாடப்புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தோம். “விருந்தாளி தங்கிட்டான்யா” என்று நைனாவிடம் அம்மா சொன்னபோது அதில் கேலி இல்லை. நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாதா ரோட்டின் மேல் நடந்து போனார். நான் அவர் தோளில் இருந்தேன். நடுவழியில் நின்றார். எங்கள் வீடுகள் இருந்த பக்கம் தண்ணீர் ரோட்டின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம், கலங்கல் இருந்த பாதியில், ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, சேறு தெரிந்தது. அந்தச் சேற்றில் இரண்டு எருமைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் எங்கள் பக்கமிருந்து வர வேண்டும், அந்தப் பக்கம் கலங்கல் வழியாகப் போக வேண்டும். குறுக்கே ரோடு படுத்திருந்தது, அடியில் ஒரு குழாய்கூட இல்லாமல். இன்று என்னிடம் வேலைக்கு வரும் புதுப் பொறியாளர் ஒருவர் இப்படி ஒரு ரோடு வரைந்து கொண்டுவந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். குணசீலனுக்கு இது தெரியாமல் நடந்தது என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

மறுநாள் காலை ஆண்கள் கடப்பாரை, மண்வெட்டியோடு ரோட்டில் கூடினார்கள். இரண்டு வெட்டுப் போட்டால் போதும், தண்ணீரே மிச்சத்தை அறுத்துக்கொண்டு போய்விடும். தூறலில் குணசீலன் வந்தார். அவருக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் கூட வந்திருந்தான். சண்டை போடப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“மாதா ரோட்டையா வெட்டப் போறீங்க? வெட்டுங்கண்ணே. என் ரோடா இது? உங்க ரோடு. சாமியார் மந்திரிச்ச ரோடு. நான் இன்னா சொல்லப்போறேன்?”

ஓங்கிய கடப்பாரை ஒன்று அப்படியே இறங்கியது. நைனா தன் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார், கெபியைப் பார்த்தார். யாரும் வெட்டவில்லை. “அவ நடந்து போன ரோடு டா” என்று ஒருவர் முனகினார். குணசீலன் அவசரமில்லாமல் திரும்பிப் போனார். குடைக்காரன் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்ததாக எனக்கு ஞாபகம்.

அப்போதுதான் அம்மாவுக்கு விளங்கியது. ரோட்டின் நடுவில் நனைந்துகொண்டே நின்று அவர் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன்: “நாம மாதாவுக்குக் காவல் கெடந்தோம். அவன் நம்ம மாதாவையே அவன் ரோட்டுக்கு வாட்ச்மேனா நிக்க வெச்சிட்டான்யா.”

சிரிப்பதா அழுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் யாரோ அந்த யோசனையைச் சொன்னார்கள். மாதாவைக் கெபியிலிருந்து எடுத்துத் தெருக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால்? அவள் அங்கே இல்லையென்றால் இது மாதா ரோடு இல்லையே, வெறும் ரோடுதானே? வெட்டினால் பாவமில்லையே? தெருவே பெருமூச்சு விட்டது. சப்பரத்தை எடுத்து வந்தார்கள். “ரோட்டு மேல ஒருத்தனும் கால் வெக்கக்கூடாது, பழைய வழியிலயே போவணும்” என்று நைனா உத்தரவு போட்டார். ரோடு பக்கத்திலேயே தண்ணீருக்கு மேல் கிடக்க, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, முன்பக்க வலது தண்டைத் தோளில் வாங்கி, அவர் மாதாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார். மழையில் அவளுக்கு டெய்சி அக்கா தன் முந்தானையைப் பிடித்தார். நான் பார்த்த திருவிழாக்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். இதில் பேண்டு இல்லை, விளக்கு இல்லை, எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

அதன் பிறகு வெட்டினார்கள். மடை திறந்தது போல என்று எழுதுவார்களே, அதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் வாசல்படிக்கு இறங்கியது. அம்மா தெருவுக்கே டீ போட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் வெட்டிய இடத்தைக் குணசீலனின் ஆட்கள் ஒரே நாளில் தூர்த்தார்கள். கேட்கப்போன ஆண்களிடம், தாங்கலை அளக்க வந்திருந்த ஓர் அதிகாரி திட்டைக் காட்டிப் பேசினார். குணசீலன் பக்கத்தில் நின்றார். அந்த உரையாடலை நைனா எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

“அங்க இன்னா இருக்கு?”

“மாதா கெபி சார்.”

“கல்லுதானே இருக்கு. மாதா எங்க?”

“கோயில்ல சார்.”

“யார் எடுத்துக்கினு போனது?”

“நாங்கதான் சார்.”

“நீங்களே காலி பண்ணிட்டீங்களே. அப்புறம் எதை வெச்சு உங்க எடம்ங்கறீங்க?”

தாங்கலின் நடுவில் எங்களுக்கு இருந்த ஒரே பிடி அவள்தான்; அந்தப் பிடியை நாங்களே, ஜெபமாலை சொல்லிக்கொண்டே, தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அடுத்த கோடைக்குள் கெபியின் கற்களைக்கூடக் காணவில்லை. அந்தப் பக்கத்துச் சேறு காய்ந்தது, மேடானது, மனை பிரிக்கும் வெள்ளைக் கற்கள் முளைத்தன, கலர் கொடிகள் பறந்தன.

அந்த யோசனையை முதலில் சொன்னது யார்? வளர்ந்து பெரியவளான பிறகு இந்த ஒரு கேள்வியை நான் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். டெய்சி அக்கா, “உங்க நைனாதான்” என்றார். நைனா, “டெய்சி வூட்டுக்காரன்” என்றார். அவரோ இறந்துவிட்டார். அம்மா மட்டும் கொஞ்சமும் தயங்காமல், “குடைக்காரன்” என்றார். “குடைக்காரன் வாயே தொறக்கலடி” என்று நைனா அதற்குச் சண்டைக்கு வந்தார். ஒரே காலையில் ஒரே இடத்தில் நின்றவர்கள் மூன்று ஆளைச் சொல்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றேன், எனக்குக் குரல் நினைவிருக்கிறது, முகம் நினைவில்லை. அம்மாவின் சந்தேகங்கள் பெரும்பாலும் பொய்த்தவை என்று நானே சொன்னேன். ஆனால் எங்களுக்கு அவ்வளவு பொருந்திய, எங்கள் பக்திக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற ஒரு யோசனை, அந்த முதலாளிக்கும் அவ்வளவே பொருந்தியதாக இருந்ததே, அது எப்படி என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. என் வேலையில், இரண்டு பக்கமும் அவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிற எதையும் நான் மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பேன்.

இப்போது அந்தப் பக்கம் முழுக்க வீடுகள். பெரிய வாசல், ஏரியின் பெயரை ஆங்கிலத்தில் சுமக்கும் வளைவு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் காவலாளி. அங்கே குடியிருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கலங்கல் இருந்த இடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகுகிறார்கள், அவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் மிஞ்சிய பாதித் தாங்கல் ஆகாயத்தாமரைக்கு அடியில் கிடக்கிறது. எங்கள் தெருவில் எல்லோரும் தரையை உயர்த்தி உயர்த்தியதில், பழைய ஜன்னல்கள் முழங்காலுக்கு வந்துவிட்டன. அம்மாவின் கல் எங்கே புதைந்தது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. கூழைக்கடா வருவதில்லை. தண்ணீரில் இறங்கி நடக்கிற திருவிழாவை எங்கள் தெருப் பிள்ளைகள் கேள்விப்பட்டதுகூட இல்லை. மாதா தெருக்கோயிலுக்குள்ளேயே ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள்.

போன மாதம் ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. மிஞ்சிய தாங்கலைச் சுத்தம் செய்து, கரை கட்டி, நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, கரையிலேயே மாதாவுக்குப் புதிதாகப் பளிங்கில் கெபி கட்டித் தருகிறார்களாம். ஒரு பைசா வேண்டாமாம். திருவிழாக் கமிட்டியின் சம்மதக் கையெழுத்து மட்டும் போதுமாம். கமிட்டியில் மூத்தவர் நைனா. இடுப்பு எலும்பு முறிந்து, நடக்க வாக்கர் பிடிக்கும் நைனா. “நான் கண்ண மூடறதுக்குள்ள அவள தண்ணிக்குப் பக்கத்துல வெச்சிப் பாத்துடணும்மா” என்று போனில் சொன்னார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை. கையெழுத்துக்கு முன்னால் வரைபடத்தை நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அம்மா பின்னாலிருந்து, “நல்லாப் பாக்கச் சொல்லுய்யா” என்று கத்தியது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை போய்த் தரையில் விரித்துப் பார்த்தேன். வரும் வழி, போகும் வழி, மட்டங்கள், கரையின் சரிவு, மழை அதிகமானால் வழிய வேண்டிய உயரம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. நல்ல கை, கவனமான கை. குறை கண்டுபிடிக்கத் தயாராக வந்த எனக்கு எரிச்சலே வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தபோதுதான், நான் பார்க்க வேண்டிய இடம் படத்துக்குள் இல்லை என்று புரிந்தது. நீல நிறம் நடைபாதையோடு முடிந்தது. அதற்கு அப்பால் வெள்ளைத் தாள். இதுதான் ஏரி, இவ்வளவுதான் ஏரி, எப்போதும் இவ்வளவாகத்தான் இருந்தது என்று அந்தப் படம் மிக மரியாதையாகச் சொல்லியது. அதற்குக் கீழே, அதை ஒப்புக்கொண்டு கமிட்டி கையெழுத்துப் போட வேண்டிய இடம். இந்த முறை நாங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுகூட இல்லை, அந்தக் கரையில் வைத்தால் போதும்.

சிவப்புப் பென்சிலை எடுத்து, எனக்கு நினைவிருந்த வரைக்கும் பழைய கரையை அந்த வெள்ளைத் தாளில் வரைந்தேன். கோடு அங்கே இப்போது நிற்கும் வீடுகளின் வழியாக, அவர்களுடைய கிளப் ஹவுஸ் வழியாக, நீச்சல் குளத்தின் வழியாகப் போனது. அம்மா எட்டிப் பார்த்து, “யாரு வூட்டு பெட்ரூமுலயோ பூந்துட்ட போல கீதே” என்றார்.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாக்கரை ஒதுக்கிவிட்டு, சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். படத்தின் மேல் குனிந்தார்.

“இத்த இப்படியே குடுத்தா அவன் கெபி கட்ட மாட்டான். தெரியும் இல்ல?”

“தெரியும் நைனா.”

நைனாவின் விரல் என் கோட்டைத் தொட்டு, அதைத் தாண்டி, வெள்ளைத் தாளில் மெல்ல நகர்ந்து போய் ஓர் இடத்தில் நின்றது.

“அப்போ ஒழுங்காப் போடு. இங்க இல்ல. இது வரைக்கும் தண்ணி இருந்துது.”

நான் என் கோட்டை அழித்துவிட்டு, அவர் விரல் நின்ற இடத்தில் பென்சிலை வைத்தேன்.